ஆணி ஓட்டைகளால் விழுந்த வெளிச்சம்

திரைக்கதையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: “ஆறு வருடங்கள் கழிகின்றன.” எழுதிய இரவில் அந்த வரியை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை மச்சான் கமராவோடு முற்றத்தில் வந்து நின்று, “சரி, இந்த ஆறு வருசத்தை எங்க வச்சு எடுக்கிறது?” என்று கேட்டான். அதுவும் ஒரு காட்சிதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பதினாறு நிமிடக் குறும்படம். வன்னியில் ஒரு பையன் வளர்கிறான், கதை அவ்வளவுதான். போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த 2002இல் அவனுக்கு 6 வயது. போர் முடிந்த 2009இல் 13. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்த 2013இல் 17. இரணைமடுக் குளத்தைப் புனரமைத்துத் திறந்த 2018இல் 22. மூன்று பையன்களும் ஓர் இளைஞனும் அந்த ஒருவனாக நடிக்கிறார்கள். ஒருவர் முகம் மற்றவருக்கு ஒத்துவராது. ஒரு வயதிலிருந்து அடுத்த வயதுக்குத் தாவுகிற அந்தச் சில நொடிகளில்தான், இவன் அவன்தான் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும்.

பிள்ளை வளர்வதைக் காட்டச் சொன்னால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கதவு நிலையில் பென்சில் கோடு. வருடத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் திகதி, கமரா மெல்ல மேலே ஏறும். நானும் அதைத்தான் முதலில் வரைந்தேன். வரைந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது: எந்த வீட்டின் கதவு நிலை?

நாங்கள் 2008இல் அக்கராயனிலிருந்து வெளிக்கிட்டோம். வெளிக்கிடும்போது அப்பா கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். அந்த வருடம் வன்னியில் அநேகமான குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. வீட்டை விட்டுவிட்டுப் போகவில்லை, கழற்றிக்கொண்டு போனார்கள். தருமபுரத்தில் அந்த நிலையை நட்டோம். பிறகு விசுவமடுவில் நட்டோம். உடையார்கட்டில் அதை இறக்கவே நேரம் கிடைக்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாத்தளன் வரை எங்களோடு வந்தவை கையில் தூக்கக்கூடிய சாமான்கள் மட்டும்தான். புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். என்னிடம் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. பத்து வயதுக்கு முந்தைய என் முகம் எனக்கே தெரியாது. இந்தப் படத்தைப் பார்க்கப்போகும் என் வயதுக்காரர் பலருக்கும் அதே நிலைமைதான்.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொண்டோம். இடம் அப்படியே இருக்க அதற்குள் பிள்ளை வளர்வதைக் காட்டுவது மற்ற ஊர்களுக்குச் சரி. இங்கே பிள்ளை அதே பிள்ளை, இடம்தான் மாறிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் வீடு வீடாக எங்களோடு கூடவே வந்தவை எவை? ஒரு கொப்பியை எடுத்து நானும் மச்சானும் எழுதினோம். சைக்கிள். தகரம். தண்ணீர்க் கான். மழை. அம்மாவின் அதட்டல். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாம் படத்தில் தாவலாக மாறின.

சைக்கிளில் தொடங்கினோம். எங்கள் பக்கத்துப் பையன்கள் சைக்கிள் ஓடப் பழகுவதில் படிகள் உண்டு. முதலில் உருட்டித் திரிவது. பிறகு பாருக்குள்ளால் காலை விட்டு ஓடுவது. அதற்குப் பிறகுதான் பாருக்கு மேலே ஏறுவது, கடைசியாகச் சீற். பாருக்குள்ளால் ஓடுகிற பிள்ளையின் காலைக் கவனித்துப் பாருங்கள். பெடல் முழுச் சுற்றுச் சுற்றாது. கால் எட்டாது. கீழே ஒரு மிதி, திரும்ப மேலே தூக்கல், மறுபடி கீழே ஒரு மிதி. அரைச் சுற்றிலேயே முழு ஊரையும் சுற்றி வருவார்கள். உயரம் வந்த பிறகுதான் அந்த வட்டம் முழுசாகும்.

இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கமராவைப் பெடலின் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டால் முகமே தேவையில்லை. வெறுங்கால் ஒன்று பெடலைக் கீழே மிதிக்கிறது, திரும்பத் தூக்குகிறது, மிதிக்கிறது. மூன்றாவது மிதியில் பெடல் அடிக்கு வரும்போது வெட்டு. இப்போது செருப்புப் போட்ட கால், பெடல் அடியிலிருந்து எழும்பி மறுபக்கத்தால் ஏறி வட்டத்தை முடிக்கிறது. ஆறு வயது பன்னிரண்டாகிவிட்டது.

சொல்லச் சுலபம். எடுத்த காட்சிகளைக் கணினியில் அடுக்கிப் பார்த்தபோது வெட்டு விக்கியது. நாங்கள் செக்கனுக்கு 25 பிரேமில் எடுத்திருந்தோம். ஒரு சுற்றுக்கு ஒரு செக்கன் என்றால் ஒவ்வொரு பிரேமிலும் பெடல் பதினான்கு பாகைக்குக் கொஞ்சம் மேல் நகரும். முதல் காட்சி எந்தக் கோணத்தில் முடிந்ததோ அதே கோணத்தில் இரண்டாவது காட்சியைத் தொடங்கினேன். கணக்கு அச்சொட்டாக இருந்தது, ஆனால் கண்ணுக்குக் கால் ஒரு கணம் தயங்கி நின்றதுபோல் பட்டது. இரண்டாவது காட்சியின் தலையில் இரண்டு பிரேமை எடுத்துவிட்டேன். ஓடியது! வெட்டைத் தாண்டும்போது கண் ஒரு சிறு துளி நேரத்தைத் தானாகவே விழுங்கிவிடுகிறது. அந்தத் துளியை நாமே முன்கூட்டிக் கழித்துவிட வேண்டும்.

‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’ படத்தில் தீக்குச்சி அணைந்து பாலைவனச் சூரியோதயம் வருகிற வெட்டைப் பற்றிப் படத்தொகுப்பாளர் ஆன் வி. கோட்ஸ் சொன்ன கதை எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. 1962இல் வந்த படம். திரைக்கதையில் அந்த இடத்தில் ஒரு காட்சி கரைந்து மற்றது வரும்படி, டிசோல்வ் என்றுதான் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் கரைவைப் பிலிம் லாப்பில் செய்துதான் எடுக்க வேண்டும், ஆகவே தொகுப்பறையில் இரண்டு துண்டையும் சும்மா ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒட்டே கரைவைவிட நன்றாக இருந்தது. இயக்குநர் டேவிட் லீன் இதை இன்னும் சரியாக்கிக்கொண்டு வா என்று அனுப்ப, கோட்ஸ் இரண்டு பிரேமைக் குறைத்தார். நானும் அதே இரண்டு பிரேமை வன்னியில் ஒரு லுமாலா சைக்கிளின் பெடலில் குறைத்தேன் என்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோசம்.

படப்பிடிப்பு இடத்தில் பெரிய மொனிற்றர் எங்களிடம் இல்லை. கொப்பிக்கு உறை போடுகிற பொலித்தீனை வெட்டிக் கமராவின் திரையில் ஒட்டி, முதல் பையனை எடுத்தபோது பெடல் எங்கே நின்றது, செயின் கவர் எங்கே, அடிவானம் எங்கே என்று மாக்கரால் கோடு போட்டுக்கொண்டோம். இரண்டாவது பையனை அந்தக் கோட்டுக்குள் நிறுத்தினோம். லென்ஸ், உயரம், ஓடும் திசை மூன்றும் மாறக்கூடாது. வெயிலும் அதே பக்கத்திலிருந்து வர வேண்டும். காலையில் எடுத்ததை மாலையில் எடுத்ததோடு ஒட்டினால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். சோளகக் காற்றுக் காலம், வாய்க்கால் கரையில் புழுதி பறக்கும். அந்தப் புழுதியும் எங்களுக்கு உதவியது, இரண்டு காட்சியையும் ஒரே நிறத்தில் பூசியது.

அடுத்தது கூரை. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாக எழுதத்தான் போகிறேன்.

எங்கள் வீட்டுக்கு 2002 வரை கிடுகுக் கூரை. பாதை திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய பிறகு அப்பா தகரம் போட்டார். 2009இல் தறப்பாள். மீளக்குடியமர்ந்தபோது மறுபடி தகரம். பிறகு வீட்டுத் திட்டத்தில் ஓடு. ஐந்து கூரை. வன்னியில் ஒருவரின் வயதைக் கேட்பதற்குப் பதில் எத்தனை கூரைக்குக் கீழே படுத்தாய் என்று கேட்கலாம். மழையோ ஒரே மழை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடிய அதே வாடைக்காற்றோடு வருகிற அதே மழை. ஆகவே மழையை நிறுத்தாமல் கூரையை மட்டும் மாற்றினோம்.

இந்தத் தாவலை முதலில் சத்தத்தில்தான் கட்டினேன், படம் பிறகுதான் வந்தது. கிடுகில் மழை விழுந்தால் சத்தமே பெரிதாக இராது, உள்ளே இருப்பவருக்கு அது தூரத்து இரைச்சல். தாவாரத்தால் வடிகிற நீர்தான் கேட்கும். தகரத்தில் அதே மழை பேச்சை அடித்துவிடும், அம்மா கூப்பிட்டால் கேட்காது. தறப்பாளில் ஒவ்வொரு துளியும் தலைக்கு ஒரு முழம் மேலே தனித்தனியாக விழும். ஓட்டுக்குக் கீழே மழை மறுபடி தூரப் போய்விடும், கிடுகைப் போலவே. கடைசிக் கூரையின் சத்தம் முதற்கூரையின் சத்தத்துக்குத் திரும்பி வருவதை ஒலித்தடங்களை அடுக்கிக் கேட்டபோதுதான் கவனித்தேன். நாங்கள் திட்டமிட்டதல்ல அது.

நான்கு ஒலிகளையும் நான்கு இடத்தில் பதிவு செய்தோம். கிடுகுக் கூரை தேடித்தான் அலைந்தோம், கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டில் கிடைத்தது. அடுத்த கூரையின் சத்தம் படத்துக்கு ஒரு செக்கன் முன்பே வந்துவிடும். பையன் இன்னும் கிடுகுக்குக் கீழே படுத்திருக்கும்போதே தகரத்தின் இரைச்சல் தொடங்கும். அவன் கண்ணை மேலே தூக்குவான். அவன் பார்ப்பது தகரம்.

அந்தத் தகரத்தில்தான் எனக்கு இந்தப் படத்தின் உயிரே கிடைத்தது. கழற்றிக்கொண்டு போன தகரத்தைப் புதிய இடத்தில் அடிக்கும்போது பழைய ஆணி ஓட்டைக்குள் ஆணி போகாது. மரம் வேறு இடத்தில் இருக்கும். புது ஓட்டை விழும். இரண்டாவது இடத்தில் இன்னொரு வரிசை. தார் பூசி அடைப்பார்கள், எல்லாவற்றையும் அடைக்கக் கிடைக்காது. பகலில் அந்த ஓட்டைகளால் வெயில் உள்ளே வந்து நிலத்தில் பொட்டுப் பொட்டாக விழும். ஓட்டை எந்த வடிவமாக இருந்தாலும் பொட்டு வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் அது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் படம். இருட்டறையில் சிறு துளையால் படம் விழுகிற அதே சங்கதிதான். கமராவின் தொடக்கமே அதுதான். சிறுவனாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு கமராவுக்குள் குடியிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது மேல் சிலிர்த்தது.

இடம்பெயரப் பெயரப் பொட்டுகள் கூடும். சாணம் மெழுகிய நிலத்தில் ஆறேழு பொட்டு. வெட்டு. மணல் நிலத்தில் இருபது பொட்டு. வெட்டு. பாயின் மேல் எண்ண முடியாத பொட்டு. கமரா ஒவ்வொரு தடவையும் அதே உயரத்தில், நேரே கீழே பார்க்கிறது. பையன் உள்ளங்கையை நீட்டி ஒரு பொட்டைப் பிடிக்கிறான், வெட்டுக்கு வெட்டு கை பெரிதாகிறது. ஒரு வசனமும் இல்லை. பழைய தகரம் கொடுத்துதவிய ஐயா வந்து பார்த்துவிட்டு, “இந்த ஓட்டை விசுவமடுவில அடிச்சது” என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். தகரத்தில் தன் பாதையை வாசிக்கத் தெரிந்த மனிதர். அந்தக் கையையும் எடுத்தோம், படத்தில் இருக்கிறது.

இதற்கு அடுத்த தாவல்தான் கடினமானது. 2009ஐ எப்படிக் கடப்பது?

முதல் வெட்டில் நான் கறுப்பு வைத்திருந்தேன். படம் மெல்ல மங்கி இரண்டு செக்கன் முழு இருட்டு, பிறகு இடம்பெயர்ந்தோர் முகாம். சொல்ல முடியாததற்குக் கறுப்புத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அம்மாவை இருத்திப் போட்டுக் காட்டினேன்.

“இதில ஏன் கறுப்பாக்கி வச்சிருக்கிறாய்?”

“காலம் போறதுக்கு, அம்மா.”

“அப்ப எங்கயடா இருட்டு இருந்தது? ராவு ராவாப் பரா வெளிச்சம். ஊசி விழுந்தா எடுக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னார், எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அந்தக் கறுப்பை அன்றே அழித்தேன். மங்கிக் கறுப்பாவது கண்ணை மூடி நித்திரைக்குப் போவதுபோல். அந்த மாதங்களில் கண்ணை மூடியவர் யார்? எங்கோ பார்த்துப் பழகிய இலக்கணத்தை எங்கள் அனுபவத்தின் மேல் போர்த்த இருந்தேன், அம்மா அதை இழுத்துவிட்டார்.

பரா வெளிச்சம் என்பது இரவில் போர்க்களத்தைப் பகலாக்க வானத்தில் ஏவுகிற வெளிச்சக் குண்டு. சின்னக் குடையில் தொங்கி ஆடி ஆடி இறங்கும். அது இறங்க இறங்க நிலத்தில் நிழல்கள் நீளும், பக்கவாட்டில் வழுக்கும். கொட்டிலுக்குள் அது எப்படித் தெரிந்திருக்கும்? ஆணி ஓட்டைகளால் வந்த பொட்டுகள் நகர்ந்திருக்கும். பகலில் அசையாமல் கிடந்த அதே பொட்டுகள், இரவில் பாயின் மேல் ஊர்ந்திருக்கும்.

அதைத்தான் எடுத்தோம். வெள்ளை எல்ஈடி விளக்கொன்றை நீண்ட மூங்கில் தடியின் நுனியில் கட்டி, கூரைக்கு மேலே உயரத்திலிருந்து சாய்வாக, மிக மெதுவாக இறக்கினோம். எடுப்பதற்கு முன்பு சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், இரவு எட்டு மணிக்கு இப்படியொரு வெளிச்சம் தெரியும், படத்துக்காகத்தான் என்று சொல்லிவிட்டு வந்தோம். இதைச் செய்யாமல் இங்கே எவரும் அந்த வெளிச்சத்தைக் கொளுத்தக்கூடாது. ஒரு வீட்டில் அக்கா ஒருவர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றிரவு தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றார். நாங்கள் நாளை அவருக்கு ஏற்றபடி மாற்றினோம்.

அம்மாவுக்கு மறுபடி காட்டினேன். பாயில் பையன் படுத்திருக்க, அவன் முதுகின் மேல் பொட்டுகள் ஊர்கின்றன. அழகாக இருந்தது. அவர் இல்லையென்று தலையாட்டினார். “பராவைப் போட்டா ஆர் பாயில கிடந்தது? பங்கருக்குள்ளயெல்லே ஓடினனாங்கள்.”

ஆகவே இப்போது படத்தில் பையன் இல்லை. பாய் மட்டும் கிடக்கிறது. தலையணை அமுங்கிய பள்ளம் இருக்கிறது. பொட்டுகள் பாயைக் கடந்து போகின்றன. கமராவின் துவாரத்தை மச்சான் கையால் மெல்லத் திறந்துகொண்டே போக, பொட்டுகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து திரை முழுக்க வெள்ளையாகிறது. அந்த வெள்ளையில் மெல்ல ஒரு கயிற்றின் நிழல் தெரிகிறது, பிறகு ஒரு தையல். அது செட்டிகுளம் முகாமில் தறப்பாளின் உட்புறம், நண்பகல். பையன் கீழே மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 13 வயது. வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு நான்கு செக்கன்.

முகாமுக்குள் ஒரேயொரு தாவல் வைத்தோம். மழைநீர் தேங்கித் தறப்பாள் வயிறு தொங்கும், உள்ளேயிருந்து தள்ளி வடியவிட வேண்டும். முதல் மழையில் அம்மா தள்ளுகிறார், பையன் தடியால் முயல்கிறான். அடுத்த மாரியில் அவன் வெறுங்கையை உயர்த்துகிறான், எட்டுகிறது. பென்சில் கோடு போடக் கதவு கிடைக்கவில்லை என்று வருந்திய எனக்கு அந்தக் கை போதும்.

மற்றவை வேகமாக முடிந்தன. 17இலிருந்து 22க்குப் போக ரயிலைப் பயன்படுத்தினோம். 1990இல் நின்ற யாழ்தேவி 2013 புரட்டாதியில்தான் கிளிநொச்சிக்கு வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்விட்டன. எங்கள் வயதுக்காரர் பலர் ரயிலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். கடவையில் பையன் வாய் பிளந்து நிற்கிறான், கமராவுக்கும் அவனுக்கும் நடுவே ரயில் போகிறது, போய் முடிந்ததும் அந்த இடத்தில் இளைஞன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், ரயிலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ட்ரைபொட்டின் மூன்று காலுக்கும் நிலத்தில் குறி வைத்து, இரண்டு நாள் ஒரே நேர ரயிலுக்குக் காத்திருந்தோம். வெட்டு ஒரு பெட்டியின் இருண்ட உடம்புக்குள் மறைந்திருக்கிறது.

குளத்துக்கு மட்டும் டிசோல்வ் விட்டேன். அலைகரையில் அதே இடத்திலிருந்து ஆவணியில் வெடித்த நிலத்தையும் மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்வதையும் எடுத்து ஒன்றை மற்றதற்குள் கரைத்தோம். ஓர் இடம் தன் இடத்திலேயே இருந்து மாறினால்தான் கரைவு உண்மையாக இருக்கும். குளம் எங்கேயும் இடம்பெயரவில்லை. முகத்தை முகத்துக்குள் கரைக்கும் மென்பொருள் வித்தைகளையும் இடையில் முயன்று பார்த்தேன். இரண்டு பிள்ளைகளும் இல்லாத மூன்றாவது முகமொன்று நடுவில் வந்தது. அழித்துவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்திருந்தபோது, 6 வயதுப் பையனாக நடித்த சின்னவன் வளர்ந்துவிட்டான். ஆவணியில் அவனை எடுத்தபோது முன்பற்கள் இருந்தன. கிடுகுக் கூரை மழைக்காகக் கார்த்திகையில் திரும்பக் கூப்பிட்டபோது மேலே இரண்டு பல்லும் இல்லை. மச்சான் தலையில் கை வைத்தான். வாயை மூடிக்கொண்டு நடிக்கச் சொல்லலாமா என்று யோசித்தோம். பிறகு, வளர்வதைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை கண்முன்னே வளர்ந்து வந்து நிற்பதை மறைப்பதா என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. புழுதிக்குள் பல்லோடு சிரிக்கிறான். வெட்டு. மழைக்குள் பல்லில்லாமல் சிரிக்கிறான். அதற்கு நான் ஒரு பிரேமும் குறைக்கவில்லை, கூட்டவில்லை.

கடைசி நாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவன் கிட்ட வந்து, “அண்ணை, கீழ்ப்பல்லும் ஆடுது” என்று நாக்கால் தள்ளிக் காட்டினான். சாப்பிட்டு முடிவதற்குள் அது கழன்று கையில் வந்துவிட்டது. அணிலிடம் புதுப் பல் கேட்டுக் கூரையில் எறிய வேண்டும் என்று அவனே ஓடினான். மச்சான் கட்டிய கமராவை அவிழ்த்தான். பல் தகரத்தில் விழுந்து, நெளிவோடு கடகடவென்று உருண்டு, அவன் காலடியிலேயே திரும்ப வந்து விழுந்தது. குனிந்து தேடி எடுத்தான், ஊதினான், இன்னும் பலமாக எறிந்தான். இந்தத் தடவை ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றான், அது கீழே வரவில்லை.